பேத்தைக்கு ஏசி ரூம்

காசம்மாள் ஒருவரைப் பாராட்டிப் பேசினாள் என்பதற்குப் பனித்திட்டில் ஒரே ஒரு சாட்சியம்தான் உண்டு. அதுவும் செத்துப்போன ஒருவரைப் பற்றி. அந்தப் பாராட்டும் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் திசை திரும்பிவிட்டது என்று கேட்டவர்கள் சொல்கிறார்கள்.

ஐம்பத்தெட்டு வயது. கருவாட்டு வியாபாரம். படகு கரைக்கு வந்ததும் ஏலத்தில் நெத்திலியும் காரப்பொடி மீனும் எடுப்பாள். எடுக்கும்போதே, "இத்த மீனுன்னு கொண்டாந்து கொட்றியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று பிடித்து வந்தவனைக் கேட்பாள். ஊருக்குத் தெற்கே ஒரு மணல் திடல் இருக்கிறது. உப்புப் போட்ட மீனை அங்கே பரப்பி, காக்கையையும் நாயையும் வெயிலையும் சமமாகத் திட்டியபடி காயவைப்பாள். காய்ந்ததைக் கூடையில் அடுக்கிக்கொண்டு பாகூர், வில்லியனூர் என்று சந்தை சந்தையாக பஸ்ஸில் போவாள். கண்டக்டர்கள் மூக்கைப் பிடித்தால், "ஒன் பஸ்ஸு நாத்தம் என் கருவாட்டுல ஒட்டிக்கக் கூடாதேன்னு நான் வேண்டிக்கினு வர்றேன், நீ வேற" என்பாள். சந்தையில் வாங்குகிறவர்கள் முகர்ந்து பார்த்தால் அவளுக்கு இளக்காரம். முகராமல் வாங்கினால் அதைவிட இளக்காரம்.

புருஷன் அதிகம் பேசாதவர். நாற்பது வருஷத்தில் அவருக்கு இடைவெளி கிடைக்கவில்லை.

ஊரில் எல்லோரையும் பகிர்ந்து இகழ்ந்தாலும், மொத்த விற்பனை ஆதிலட்சுமிக்குத்தான். ஆதிலட்சுமி அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் வீரப்பனின் மனைவி. அந்த வீரப்பன்தான் இப்போது ஊர் நாட்டார். மீனவப் பஞ்சாயத்தின் தலைவர். இகழ்ச்சிக்குக் காரணம் அந்தப் பதவி இல்லை. அது இரண்டாயிரத்து நாலு டிசம்பர் மாதத்துக் கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காசம்மாள் திடலில் மீன் பரப்பிக்கொண்டிருந்தாள். கடல் பின்னால் போயிற்று. யாரும் பார்த்திராத தரை சேறும் பாசியுமாக வெளியே தெரிந்தது. அதில் மீன்கள் துள்ளின. பார்த்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். காசம்மாள் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏலம் கிடையாது, போட்டி கிடையாது, கேட்பார் இல்லாமல் கிடக்கிற மீன். நாலு கொடுவா மீனைப் பொறுக்கியிருப்பாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்தது. ஆதிலட்சுமி. கூப்பிடவில்லை, காரணம் சொல்லவில்லை. கொண்டையில் போட்ட பிடியை விடாமல் மேற்கே இழுத்துக்கொண்டு ஓடினாள். சவுக்குத் தோப்பின் ஓரமாகவே ஓடித் தார் ரோட்டுக்கு வந்துதான் விட்டாள். திரும்பிப் பார்த்தபோது திடல் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

இப்படித் தன்னைக் காப்பாற்றிய குற்றத்துக்காக ஆதிலட்சுமியைக் காசம்மாள் இன்றுவரை மன்னிக்கவில்லை. "வாய் தொறந்து கூப்ட்டா வர மாட்டனா? ஒரு கொத்து மயிரு போச்சு எனக்கு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். மீன் பொறுக்க இறங்கியதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. ஆதிலட்சுமியும் யாரிடமும் சொன்னதில்லை. அதைத்தான் காசம்மாளால் தாங்க முடியவில்லை.

கடல் கொண்டுபோகாமல் விட்ட அந்தத் திடலுக்கு, இப்போது வேறு பக்கத்திலிருந்து ஆபத்து வந்தது. தெற்கே சவுக்குத் தோப்பு இருந்த இடத்தில் ‘நீலாழி ரிசார்ட்’ என்று ஒன்று முளைத்திருந்தது. அதற்குள் ‘கடலடி நகரம்’ என்று ஒரு மாபெரும் மீன் காட்சியகம். நிஜக் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், கடலைக் கண்ணாடிக்குள் பூட்டிக் காட்டுவதற்கு ஆளுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் டிக்கெட். ஜனங்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

அந்தத் தொட்டிகளுக்கு உப்புத் தண்ணீர் வேண்டும். குழாய் பதிக்க, மோட்டார் அறை கட்ட, சுற்றிலும் வேலி போடத் தோதான இடம் கருவாட்டுத் திடல்தான் என்று இன்ஜினியர்கள் கண்டுபிடித்தார்கள். வாடைக் காற்று அடிக்கிற மாதங்களில் திடலின் வாசனை நேராகப் போய் ரிசார்ட்டின் நீச்சல் குளத்தில் குளிக்கிறது என்பதை மானேஜர் முன்பே கண்டுபிடித்திருந்தார். இரண்டு கண்டுபிடிப்பும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம். ஊருக்கு ஆட்சேபணை இல்லை என்று நாட்டார் எழுதிக் கொடுத்தால் வேலை தொடங்கிவிடும்.

பனித்திட்டில் ஊர்வாக்கு காகிதத்தில் இல்லை, தட்டில் இருக்கிறது. ஊரிடம் ஒன்றைக் கேட்பவர் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்துத் தட்டை நீட்ட வேண்டும். நாட்டார் கை நீட்டி வாங்கினால் ஊர் சம்மதித்தது என்று பொருள், கையெழுத்தெல்லாம் அப்புறம். ஒரே ஒரு நிபந்தனை. வாங்கிய தட்டைக் கொண்டுவந்து அம்மன் கோயில் படியில் வைக்கிறவரை அது தரையில் படக் கூடாது. பட்டுவிட்டால் பேச்சே நடக்காத மாதிரி. முன்பு ஒருவன் நிச்சயத் தட்டைக் கொண்டு வரும் வழியில், கிருமாம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் பீடி பற்றவைப்பதற்காக அதைக் கீழே வைத்துவிட்டான். கல்யாணம் நின்றுபோனது. பெண்ணுக்கு வேறு இடத்தில் நல்லபடியாக ஆகிவிட்டது. அவன்தான் பீடியை விட்டுவிட்டு இன்னும் தனியாக இருக்கிறான்.

பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார முடியாது. திடலில் காய்கிறவர்கள் பெண்கள், திடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆண்கள். திடல் போனால் காசம்மாளுக்குக் கருவாடும் இல்லை, சந்தையும் இல்லை, திட்டுவதற்குக் கண்டக்டரும் இல்லை. நேராகக் கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

"கொழுந்தனாரே, திடலத் தூக்கிக் குடுக்கப் போறியாமே?"

"யாரு அண்ணி சொன்னது? இன்னும் ஒண்ணுமே பேசல. ஊர்க்காரங்க வந்து உள்ள சுத்திப் பாருங்கன்னு கூப்ட்டு கீறாங்க. பாத்துட்டு, கூடிப் பேசி, அப்பறம்…"

"சோறு போட்றாங்களா?"

"பஃபே அண்ணி" என்றார் வீரப்பன். அந்தச் சொல்லை உச்சரிக்கும்போதே அவருக்கு வாய் ஊறியது.

"அப்ப திடலு போச்சு" என்று சொல்லிவிட்டுக் காசம்மாள் எழுந்தாள்.

வேனில் இருபது பேர் போனார்கள். பதினைந்து ஆண்கள், ஐந்து பெண்கள். பெண்கள் இருந்தால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று ரிசார்ட் கேட்டிருந்தது. நாட்டார் மனைவி என்பதால் ஆதிலட்சுமி முன் சீட்டில் உட்கார்ந்தாள். காசம்மாளை யாரும் கூப்பிடவில்லை. வேன் கிளம்பும்போது அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள்.

வாசலில் பிரியதர்ஷினி என்ற பெண் நின்றிருந்தாள். வில்லியனூர்க்காரி, இருபத்தி மூன்று வயது, கோட்டு போட்டுக்கொண்டு சிரித்தாள். அவளுக்குச் சம்பளமே அந்தச் சிரிப்புக்குத்தான். எல்லோர் மணிக்கட்டிலும் நீலக் காகிதப் பட்டை ஒட்டினாள்.

"ஆஸ்பத்திரியில பொணத்துக்கு இப்டித்தான் கட்டுவாங்க" என்றாள் காசம்மாள்.

"இது விஐபி பேண்டு ஆன்ட்டி."

"பொணத்துக்கும் தான் ஸ்பெசலா கட்றாங்க."

உள்ளே நுழைவது ஒரு ஃபைபர் சுறாவின் வாய் வழியாக. பற்கள் ஒவ்வொன்றும் முழ நீளம். ஆண்கள் பற்களுக்கு நடுவில் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நிஜச் சுறா வலையில் மாட்டினால் நாலு பேர் சேர்ந்து கும்பிட்டு அறுத்துவிடுகிறவர்கள், இங்கே பிளாஸ்டிக் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். தொண்டை வழியாக இறங்கினால் கடலில் மூழ்கிய ராஜ்ஜியம். உடைந்த மாதிரியே கட்டிய தூண்கள், பழையது மாதிரியே பூசிய பெயின்ட், நடுவில் தாடி வைத்த ஒரு ராஜா பொம்மை கையில் சூலத்தோடு. யார் என்று வீரப்பன் கேட்டார். கடல் ராஜா என்றாள் பிரியதர்ஷினி. வீரப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்த ஊரு ராஜா? நம்ம கடலா, வேற கடலா?" என்றாள் காசம்மாள்.

"ஃபாரின் கடல் ஆன்ட்டி."

"அதான் பாத்தேன். நம்ம கடல்ல இவ்ளோ தாடி வச்சிக்கினு இருந்தா வலை சுத்திக்கும்."

முதல் தொட்டியில் கிளாத்தி நீந்தியது. தோல் தடித்த மீன். வலையில் வந்தால் பிடித்தவன் தன் ஜாதகத்தைத் திட்டிக்கொண்டு ஓரமாகப் போடுகிற மீன். அதற்கு இங்கே பவளப்பாறை, நுரை, வெளிச்சம், இங்கிலீஷில் ஒரு பெயர்ப்பலகை. அடுத்தது பேத்தை. தொட்டால் ஊதிக்கொள்ளும், தின்றால் ஆளைக் கொல்லும். பனித்திட்டில் பேத்தை என்று ஒருவனைக் கூப்பிட்டால் சண்டை வரும். இங்கே அதற்குத் தனி அறை. உள்ளே நுழைந்ததும் குளிர் அடித்தது.

"இவர்தான் எங்க ஸ்டார்" என்றாள் பிரியதர்ஷினி. "பேரு பப்பு. ரொம்ப சென்சிட்டிவ். சத்தம் போட்டா பயந்துடுவாரு, அதனால மெதுவா பேசணும்."

காசம்மாள் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள். பேத்தையும் அவளைப் பார்த்தது. இரண்டில் எது முதலில் முகத்தைத் திருப்பியது என்பதில் கூட வந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

"எம் மாமியாரு சாவற வரைக்கும் ஃபேன் இல்லாத வூட்ல கெடந்துச்சு" என்றாள். "பேத்தைக்கு ஏசி ரூமு."

"சும்மா வாயேன் யக்கா" என்று ஆதிலட்சுமி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கறதுக்குத் தான் இட்டாந்து வுட்டு கீறாங்க. மீனு பாக்கறவங்கள மீனு பாக்குது. நமக்குத் தான் கண்ணாடி போட மறந்துட்டானுங்க."

அதையும் மறக்கவில்லை என்பது அடுத்த வளைவில் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மீனவக் குடிசை. ஓலைக் கூரை, கட்டுமரம், வலை பின்னும் ஆண் பொம்மை, தலையில் கூடையோடு ஒரு பெண் பொம்மை. இடுப்பு ஆறு அங்குலம் இருக்கும். பொம்மைக்குப் பக்கத்தில் கொடிபோட்டு பிளாஸ்டிக் கருவாடு தொங்கவிட்டிருந்தார்கள். ‘கருவாடு: கடலோர மக்களின் பெருமைமிகு பாரம்பரியம்’ என்று பலகை. அந்த இடத்தில் மட்டும் மேலேயிருந்து ஒரு பெட்டி எலுமிச்சை வாசனையைப் புஸ் புஸ்ஸென்று பீச்சியது.

ஆதிலட்சுமிக்குப் பொம்மை பிடித்துவிட்டது. "அழகா கீறா இல்ல?"

"தலையில சும்மாடு எங்கடி? சும்மாடு இல்லாம கூடை தூக்குனா வில்லியனூரு போய்ச் சேர்றதுக்குள்ள கழுத்து உள்ள போயிடும். அழகா இருக்கறவ மீன் வித்தா எவன் மீனப் பாப்பான்?" காசம்மாள் பிரியதர்ஷினி பக்கம் திரும்பினாள். "ஏம்மா, இந்தக் கருவாடு நாறலியா ஒங்களுக்கு?"

"இது ஆர்ட்டிஃபிஷியல் ஆன்ட்டி, ஸ்மெல்லே வராது."

"நாறாத கருவாடு உள்ள. நாறுற கருவாடு வெளிய. அந்த நாறுற கருவாட்ட வெளியிலயும் வைக்கக் கூடாதுன்னு எங்க நாட்டாருக்கு சோறு. இன்னா கொழுந்தனாரே, நான் சொல்றது சரியா?"

வீரப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு நேரம் நெருங்கியிருந்தது.

பஃபேயில் ஐம்பத்திரண்டு பாத்திரங்கள் இருந்தன. வீரப்பன் ஐம்பத்திரண்டுக்கும் மரியாதை செய்தார். ஊருக்காக இவ்வளவு உழைத்த நாட்டார் இதற்கு முன் இருந்ததில்லை. மீன் என்று எழுதியிருந்த பாத்திரத்தில் வெள்ளையாக, சதுரமாக, முள்ளே இல்லாத துண்டுகள் கிடந்தன. குளத்து மீன், லாரியில் ஐஸ் கட்டியோடு வருவது என்று பரிமாறியவன் உண்மையைச் சொன்னான். கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு லாரியில் வந்த மீனை ஒரு மீனவ ஊரே முள் தேடித் தேடித் தின்றது. காசம்மாள் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டாள். அதையும் புளிப்புப் போதாது என்றாள்.

சாப்பிட்டு முடித்த மயக்கத்தில் எல்லோரும் இருக்கும்போது மானேஜர் வந்தார். கையில் எவர்சில்வர் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மஞ்சள் பூசிய தேங்காய். முறை தெரிந்து வைத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று காசம்மாள் கொழுந்தனைப் பார்த்தாள். கொழுந்தன் பல் குத்திக்கொண்டிருந்தார். பெண்கள் எல்லோருக்கும் வாசனை வராமல் கருவாடு காயவைக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று இலவசமாகத் தரப்படும் என்று மானேஜர் அறிவித்தார். ஆண்கள் கைதட்டினார்கள்.

"நாலு கூடை நெத்திலி கொள்ளுமா அந்தப் பொட்டி?" என்று கேட்டாள் காசம்மாள்.

"ஒரு நேரத்துக்கு ரெண்டு கிலோ வரைக்கும் மேடம்."

"எங்க வூட்டுப் பூனைக்குப் பத்தும்."

வீரப்பன் பல்குச்சியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு எழுந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். கேமரா மின்னியது. முறைப்படி தட்டை மனைவி கையில் கொடுத்தார். ஆதிலட்சுமி அதைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

இனி தட்டு கோயில் படி ஏறினால் திடல் முடிந்தது.

"குடுடி, கை வலிக்கும். நான் கொஞ்ச நேரம் புடிச்சிக்கறேன்" என்றாள்.

ஆதிலட்சுமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் காசம்மாள் அவளுக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்க உதவியதில்லை. "வாணாம் யக்கா. ஒனக்கு எதுக்கு சிரமம்?"

வராந்தாவில் நடக்கும்போது காசம்மாள் முழங்கையால் ஒரு இடி இடித்துப் பார்த்தாள். ஒரு வெற்றிலை நகர்ந்தது. ஆதிலட்சுமி தட்டை அந்தப் பக்கக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"போறதுக்கு முன்னாடி ஒரு சர்ப்ரைஸ்!" என்று பிரியதர்ஷினி கை தட்டினாள். "எங்க பேரலை அறை. நீங்க கடலோட பொறந்தவங்க, உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு மானேஜர் ஸ்பெஷலா போடச் சொன்னாரு."

இருட்டான கொட்டகை. சுவர் அளவுக்குத் திரை. சாய்வு நாற்காலிகள். தரை முழுக்கச் சிவப்புக் கார்பெட்டு; கதவுப் பக்கம் மட்டும் வெறும் சிமெண்டு. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக் காசம்மாள் கதவோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆதிலட்சுமி, மடியில் தட்டு. திரையில் ஒரு கடற்கரை வந்தது. தென்னை மரம், வெள்ளை மணல், ஒரு குடை. நாற்காலிகள் லேசாக ஆடின. முன் வரிசையில் வீரப்பன், "சூப்பரா கீதுபா" என்றார்.

அப்போது திரையில் கடல் பின்னால் போயிற்று.

இந்தப் படத்தை எடுத்தவன் வேலையை ஒழுங்காகச் செய்திருந்தான். தரை தெரிந்தது. சேறு தெரிந்தது. சேற்றில் மீன்கள் துள்ளின. நாற்காலிக் கைப்பிடிகளை இருபது பேர் இறுக்கிப் பிடிப்பது கேட்டது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. படம்தானே, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சிரிப்பானே என்ற கூச்சம்.

காசம்மாள் திரையைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தாள். கணக்கு அவளுக்கு ஒரு நொடியில் முடிந்தது. இப்போது ஒரு குரல் கொடுத்தால் போதும்; ஆதிலட்சுமி பதறி எழுந்தால் தட்டு விழும். மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினாள்.

"ஓடுங்கடா! கடலு உள்வாங்குது!"

அதுவரை எல்லாம் அவள் திட்டப்படிதான் நடந்தது. அதற்குமேல் திட்டம் அவள் கையில் இல்லை. நாற்காலி குலுங்கியது. அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பாதத்தில் அடித்தது. இருட்டில் ஒரு இரைச்சல் எழும்பியது. அந்த இரைச்சலை அவள் கால்கள் முன்பே கேட்டிருந்தன. அவளைக் கேட்காமலே அவை எழுந்தன. அவளைக் கேட்காமலே அவள் கை பக்கவாட்டில் போய் ஆதிலட்சுமியின் கொண்டையைப் பிடித்தது.

பிறகு அவளுக்கு நினைவு வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தாள். ரிசார்ட்டின் மேற்குக் கோடி. ஒரு காலில் செருப்பு இல்லை. கையில் ஆதிலட்சுமியின் கொண்டை இன்னும் இருந்தது, கீழே ஆதிலட்சுமியும் இருந்தாள். சுற்றிலும் ஊர்க்காரர்கள் மூச்சு வாங்கினார்கள். ஊரை எப்போதும் முன்னின்று நடத்தும் வீரப்பன் இப்போதும் எல்லோருக்கும் முன்னால், கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் நின்றார்.

பிரியதர்ஷினி ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சிரிப்பு இல்லாத முகம் அவளுக்குக் குழந்தை முகமாக இருந்தது. "ஆன்ட்டி! அது வெறும் ப்ரொஜெக்டர் ஆன்ட்டி! நிஜமா ஒண்ணும் இல்ல!"

காசம்மாள் தன் கையைப் பார்த்தாள். கொண்டையை விட்டாள். கிளாத்திக்கும் பேத்தைக்கும் பிளாஸ்டிக் கருவாட்டுக்கும் காலையிலிருந்து செலவழித்த இளக்காரம் முழுவதும் இப்போது ஒன்று சேர்ந்து அவள் கால்களைப் பார்த்தது. ஒரு போர்வை மாதிரித் தொங்குகிற துணியில் காட்டிய படத்துக்கு ஓடிய கால்கள். செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டாள்.

"தட்டு எங்கடி?" என்று ஆதிலட்சுமியைக் கேட்டாள்.

ஆதிலட்சுமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

மறுநாள் ஏலக் கொட்டகையில் பஞ்சாயத்து கூடியது. ஆண்கள் உள்ளே, பெண்கள் வெளியே கம்பத்தைப் பிடித்துக்கொண்டு. மானேஜர் தட்டைக் கழுவித் துடைத்து, உடைந்த தேங்காய்க்குப் பதில் புதுத் தேங்காய் வைத்து அனுப்பியிருந்தார். தட்டு செல்லுமா செல்லாதா என்பதுதான் வழக்கு. வீரப்பன் இரவெல்லாம் யோசித்து வந்திருந்தார்.

"தட்டு தரையில உழல. கார்பெட்டு மேல உழுந்துச்சு. தரை வேற, கார்பெட்டு வேற."

"கார்பெட்டுக்குக் கீழ இன்னா கீது?" என்றார் ஒரு கிழவர்.

"தரை."

"அப்பறம்?"

"ஆனா தட்டு தரையத் தொடலியே! பாய் மேல வச்ச சோத்த மண்ணுல வச்ச சோறுன்னு சொல்லுவியா?"

இதில் அரை மணி நேரம் போயிற்று. பாய் கட்சி, மண் கட்சி என்று கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. பிறகு வீரப்பன் துருப்புச்சீட்டை எடுத்தார்.

"இன்னொண்ணு. அண்ணி வேணும்னே கத்துனாங்க. தட்ட உழ வைக்கத் தான் கத்துனாங்க. வேணும்னு தள்ளிவுட்ட தட்டு கணக்குல வராது. எம் பொண்டாட்டியத் தான் கேளுங்க, பக்கத்துல இருந்தவ அவ."

கொட்டகை வெளியே திரும்பியது. பனித்திட்டுப் பஞ்சாயத்தில் ஒரு பெண்ணை உள்ளே வந்து பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். ஆதிலட்சுமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய் நின்றாள். காசம்மாள் கம்பத்தைப் பிடித்திருந்த கையை மாற்றிப் பிடித்தாள். திடல் இப்போது அவளுடைய ஓரகத்தியின் நாக்கில் காய்ந்துகொண்டிருந்தது.

"கத்துனது வேணும்னு தான்" என்றாள் ஆதிலட்சுமி.

வீரப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வராந்தாவுல வரும்போதே இடிச்சிப் பாத்தா. எனக்குத் தெரியாதா அவள? ஆனா தட்டு கத்துனதுல உழல, அவ இழுத்ததுல தான் உழுந்துச்சு. கத்துனதுக்கு அப்பறம் எங் கொண்டையப் புடிச்சா பாருங்க, அந்தக் கை நடுங்கிச்சி. வண்டி நிக்கற எடம் வரைக்கும் வந்தும் நடுக்கம் நிக்கல. அவளுக்கு என்னக் கண்டா ஆவாது, ஊருக்கே தெரியும். பொய்யா ஓடறவளா இருந்தா என்ன அங்கயே வுட்டுட்டுல்ல ஓடியிருப்பா? என்ன எதுக்கு இழுக்கணும்?"

கொட்டகையில் முதலில் ஒருவர் சிரித்தார், பிறகு எல்லோரும். அந்த வாதத்தை மறுக்க ஊரில் யாராலும் முடியாது. காசம்மாள் ஆதிலட்சுமிக்காக வேண்டுமென்றே ஒரு நல்லது செய்தாள் என்று நிரூபிக்க ஊரில் ஒரு சாட்சி கிடைக்காது.

"சரிம்மா, தட்டு எங்க உழுந்துச்சு? அத்த சொல்லு" என்றார் கிழவர்.

"கதவாண்ட. தேங்கா ரெண்டா ஒடஞ்சிது. கார்பெட்டுல போட்டா தேங்கா ஒடையுமா?"

பாய் கட்சி அதோடு கலைந்தது. தரையில் பட்ட தட்டு செல்லாது. ஒரு முறை விழுந்த பேச்சை அடுத்த மாசி மகம் வரைக்கும் எடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. வீரப்பன் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

ரிசார்ட் சும்மா இல்லை. ஒரு வாரத்தில் பேரலை அறை வாசலில் புதுப் பலகை வந்தது. பிரியதர்ஷினி ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் காசம்மாளைப் பார்த்தபோது, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிச் சொன்னாள். இருதய நோயாளிகள், கர்ப்பிணிகள், உள்ளூர் மீனவ மக்கள் இந்த அறையைத் தவிர்க்கவும் என்று எழுதியிருக்கிறார்களாம்.

"பரவால்ல, ஒண்ணாவது சரியா எழுதனானுங்க" என்றாள் காசம்மாள். ஊர் சொல்லும் ஒரே பாராட்டோடு இதையும் சேர்ப்பதா என்று தெரியவில்லை. மூச்சு விடாமல் அடுத்த வரியையும் சொன்னாள்: "எழுத்து கோணலா இருக்கும், போய்ப் பாரு."

வாடைக் காற்று தொடங்கியிருந்தது. ஒரு காலையில் திடலில் காசம்மாள் நெத்திலியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தெற்கே தள்ளிப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமி கிண்ணத்தோடு வந்தாள்.

"யக்கா, ஒரு புடி கருவாடு குடு. அவுரு கோவிச்சிக்கினு ரெண்டு நாளா செரியா சாப்புடல."

"பஃபே துன்ன வாயிக்குக் கருவாடு எறங்குமா?" என்று கேட்டுக்கொண்டே காசம்மாள் ஓரத்திலிருந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். ஆதிலட்சுமி கிண்ணத்தைக் கிளறினாள்.

"பாதி மண்ணா கீது."

"கழுவித் துன்னு."

ஆதிலட்சுமி போகவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, இருபது வருஷமாகக் கேட்காததை, மீன் விலை கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அன்னிக்கி எத்தினி கொடுவா பொறுக்குன?"

காசம்மாள் நிமிரவில்லை. ஒட்டிக் கிடந்த இரண்டு நெத்திலியைப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டாள்.

"நாலு" என்றாள். "அஞ்சாவத எடுக்க வுட்டியா நீ?"